தோவாளைப் பக்கம் புல்தரையை எடுத்துவிட்டுப் படர்செடி போடணும்: எது நிற்கும், எது காயும்?

பொற்றையடி எழுதியது:
ஆரல்வாய்மொழிக்கும் செண்பகராமன்புதூருக்கும் இடைப்பட்ட இடம். வீட்டைச் சுற்றி 3 சென்ட் கார்பெட் கிராஸ். மேலே ஓர் அடி செம்மண், அதுக்குக் கீழே சரள். கிணறு மாசி பிறந்ததும் அடிமட்டத்துக்குப் போய்விடும். போர் தண்ணீர் டி.டி.எஸ். (கரைந்திருக்கிற உப்பின் அளவு) 900. மேற்கே மறைப்பு எதுவும் இல்லை, ஆனி ஆடியில் காற்று நேராக வந்து அடிக்கும். புல்லுக்குள் கோரையும் இருக்கிறது.

வேண்டியது இதுதான்: அரை அடிக்கு மேல் உயராமல், வருடம் முழுக்கப் பச்சையாக இருக்கிற படர்செடி. தண்ணீர் இப்போது கொடுப்பதில் பாதிக்கு மேல் கூடாது. வீடியோக்களில் க்ரீப்பிங் தைம், படரும் ஜூனிபர் எல்லாம் அழகாக இருக்கிறது. ஆன்லைனில் விதைப் பாக்கெட்டும் கிடைக்கிறது. நர்சரியில் கேட்டால் வெடேலியா என்கிற மஞ்சள் பூப் படர்செடியைப் போடச் சொல்கிறார்கள். வீட்டில் பாம்பு பயமும் உண்டு. இப்போது பங்குனி. எந்தச் செடி, எந்த மாதம், எத்தனை கன்று என்று விவரமாகச் சொல்லுங்கள்.

நாற்றுப்பட்டறை எழுதியது:
அண்ணே, தைம், ஜூனிபர் இரண்டையும் இப்பவே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். படரும் ஜூனிபர் வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிச் செடி. குளிர்காலத்தில் ஓய்வெடுத்துப் பழகியது. நம்ம ஊரில் அந்த ஓய்வே கிடையாது. ஐப்பசி மழை ஈரத்தில் வேர் அழுகும், வெயிலில் செஞ்சிலந்தி ஏறும், உள்பக்கத்துக் கிளைகள் பழுப்பாகும். பழுத்த கிளை திரும்பத் துளிர்க்காது. தைம் ஐரோப்பாவின் வறண்ட மணற்பாங்கான மேட்டுச் செடி. இரவிலும் இறங்காத வெக்கையும் ஈரக்காற்றும் அதுக்கு ஆகாது. ஊட்டி, கொடைக்கானலில் போட்டுப் பார்க்கலாம். ஆன்லைன் பாக்கெட்டில் இருப்பது தைம்தான் என்பதற்கே உறுதி கிடையாது. படத்தில் கத்தரிப்பூ நிறத்தில் கம்பளம் மாதிரி இருக்கும், முளைப்பது வேறு ஏதோ ஒன்றாக இருக்கும்.

இன்னொன்று. குளிர்நாட்டில் எவர்கிரீன் என்றால் பனிக்காலத்தில் இலை கொட்டாத செடி. நமக்கு மாசி முதல் வைகாசி வரைக்கும் காயாமல் நிற்பதுதான் எவர்கிரீன். அதனால் குளிர்நாட்டுப் பட்டியலை வைத்துச் செடி வாங்கினால் பத்துக்கு ஒன்பது தவறும். நம்ம குளத்தங்கரையிலும் கடப்புறத்திலும் பங்குனி வெயிலில் எது பச்சையாகக் கிடக்கிறது என்று ஒரு நடை போய்ப் பாருங்கள், அங்கேயே பாதி விடை இருக்கும்.

சானல்கரை எழுதியது:
செடிக்கு முன்னால் மாதம். குமரி மாவட்டத்துக்கு ஒரே நடவு மாதம் சொல்கிறவர்கள் மாவட்டத்தைப் பாதிதான் பார்த்தவர்கள். விளவங்கோடு, திருவட்டாறு, கல்குளம் பக்கம் இடவப்பாதியில் (தென்மேற்குப் பருவமழையில்) நல்ல மழை இறங்கும். அங்கே வைகாசிக் கடைசியில் நட்டால் செடி தானாகப் பிடிக்கும். அதே ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் வருவது பெரும்பாலும் காற்றுதான். முப்பந்தலில் காற்றாலைகளை ஏன் வைத்தார்கள் என்று யோசித்தாலே போதும். அந்தக் காற்றில் புதுத் துண்டு நட்டால் வேர் பிடிக்கும் முன்னாலேயே இலை காய்ந்துவிடும். தினம் இரண்டு வேளை தண்ணீர் விட்டாலும் இழப்பு அதிகம்.

அதனால் தோவாளை, அகஸ்தீஸ்வரம் கிழக்குப் பகுதிக்கு நடவு ஐப்பசி முதல் வாரம். வடகிழக்கு மழை கார்த்திகை வரை கைகொடுக்கும், மார்கழி தை இதமாக இருக்கும், மாசி வெயில் வருவதற்குள் வேர் அரை அடி இறங்கியிருக்கும். இப்போது பங்குனி என்றால் உங்களுக்கு ஆறு மாதம் இருக்கிறது. அதை வீண் என்று நினைக்காதீர்கள். புல்லையும் கோரையையும் ஒழிக்க அவ்வளவு நாள் வேண்டும்.

தண்ணீர்க் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் நீர் என்றால் 1 லிட்டர். ஒரு சென்ட் ஏறக்குறைய 40 சதுர மீட்டர். கார்பெட் கிராஸ் வெயில் காலத்தில் பச்சையாக நிற்க நாளுக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்தால் சென்டுக்கு 200 லிட்டர், 3 சென்டுக்கு 600. வாரத்துக்கு 4,200. உங்களுக்கு நான் சொல்லும் செடி பொடுதலை, தரையோடு படர்வது. வேர்பிடித்த பொடுதலைக்கு வாரம் ஒருமுறை 15 மில்லிமீட்டர் போதும். 3 சென்டுக்கு 1,800 லிட்டர். பாதிக்கும் குறைவு. ஆனால் இது இரண்டாம் கோடையிலிருந்துதான். முதல் மூன்று மாதம் புல்லுக்குக் கொடுத்த தண்ணீரை இதுக்கும் கொடுக்கத்தான் வேண்டும். அந்த மூன்று மாதம் மழையில் விழுகிற மாதிரி நடுவதுதான் சிக்கனம்.

கிழக்குவாசல் எழுதியது:
நர்சரியில் சொன்ன வெடேலியாவைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை? பச்சை மாறாது, மஞ்சள் பூ ஓயாது, ஆடு தின்னாது, ஒரு சாக்கு நிறையத் தண்டுத் துண்டு போட்டால் மூன்று மாதத்தில் ஒரு சென்ட் மூடிவிடும். தண்ணீரும் அதிகம் கேட்காது. ரோட்டு நடுவில்கூட அதைத்தானே வைக்கிறார்கள்?

நாற்றுப்பட்டறை எழுதியது:
நீங்கள் சொன்ன குணம் எல்லாம் உண்மை, அதனால்தான் பயம். ஐ.யு.சி.என். அமைப்பு தொகுத்த உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி உயிரினங்கள் பட்டியலில் வெடேலியா இருக்கிறது; அதே பட்டியலில்தான் நம்ம பொற்றைகளை (சிறு குன்றுகளை) அடைத்த உண்ணிச்செடியும் இருக்கிறது. வெடேலியாவின் ஒரு கணு ஈர மண்ணில் விழுந்தால் போதும். வெட்டிப் போட்ட குப்பை சானலில் (பாசனக் கால்வாயில்) போனால் கரை முழுக்க ஏறி, வரப்புக்கு வந்து, வயலுக்குள் இறங்கும். அதுக்குக் கீழே பொடுதலை, வல்லாரை, நெருஞ்சி எதுவும் மிஞ்சாது. தண்ணீர் அதிகம் கேட்காது என்பதும் பாதி உண்மைதான். காய்ந்த இடத்தில் பங்குனியில் தண்டு கட்டையாகி, இலை நுனியில் மட்டும் நிற்கும். பார்க்க வைக்கோல் மாதிரி இருக்கும்.

மஞ்சள் கரிசலாங்கண்ணி என்ற பெயரிலும் இதை விற்கிறார்கள், கவனம். அசல் மஞ்சள் கரிசாலையின் இலை நீண்டு ஒரே வடிவாக, சொரசொரப்பாக இருக்கும். வெடேலியா இலை பளபளப்பாக, பக்கத்துக்கு ஒரு மடல் புடைத்து மூன்றாகப் பிரிந்த மாதிரி இருக்கும். பூவை வைத்துப் பிரிக்க வராது, இலையைத் திருப்பிப் பாருங்கள். அசல் கரிசாலை நல்ல கீரை, ஆனால் ஈரம் விரும்பி. குளியலறைத் தண்ணீர் போகிற பக்கத்துக்குச் சரி, உங்கள் வெயில் முற்றத்துக்குச் சரிவராது.

ஏற்கனவே வெடேலியா இருப்பவர்கள் மழை பெய்து மண் இளகிய நாளில் வேரோடு பிடுங்கி, தார்ப்பாயில் இரண்டு வாரம் சுருளக் காயவைத்து, பிறகு கம்போஸ்டில் போடுங்கள். ஆறு மாதம் வரை துளிர் வரும். வாரம் ஒரு சுற்று பார்த்தால் முடிந்துவிடும்.

பொற்றையடி எழுதியது:
சரி, வெடேலியா வேண்டாம். பொடுதலை என்கிறீர்கள். அது களைதானே? கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

சானல்கரை எழுதியது:
வயலில் களை, முற்றத்தில் தரைமூடி. பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுகிற அதே பொடுதலைதான். இலை கட்டைவிரல் நகம் அளவு, நுனியில் மட்டும் பல்பல்லாக வெட்டு இருக்கும், அடிப்பக்கம் ஆப்பு மாதிரி குறுகும். குச்சி மேல் நிற்கிற பூ ஒரு சின்ன உருளை. கீழிருந்து மேலே வளையம் வளையமாக வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும். ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும் என்பதுதான் இதன் பலம். ஒரு செடி காய்ந்தாலும் பக்கத்துக் கணு தனியாகப் பிழைத்துக்கொள்ளும். ரொம்பத் தண்ணீர் இல்லாவிட்டால் பழுப்பாகிப் படுக்கும், ஒரு நனைப்பில் திரும்பிவிடும். கார்த்திகையில் நான்கு நாள் தண்ணீர் தேங்கினாலும் சாகாது. வெயிலும் வெள்ளமும் தாங்குகிற தரைமூடி நம்ம ஊரில் வேறு அதிகம் இல்லை.

வெயில் ஐந்து ஆறு மணி நேரம் வேண்டும். நிழலில் கால் நீண்டு, நடுநடுவே மண் தெரியும். லேசான நடமாட்டம் தாங்கும். தினமும் வண்டி ஏறினால் தாங்காது, அந்தத் தடத்தில் கல் பதித்துவிடுங்கள். பூவுக்குத் தேனீ நிறைய வரும். குழந்தைகள் வெறுங்காலில் ஓடும் இடமென்றால் பூக்கும் மாதங்களில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை 5 செ.மீ. உயரத்தில் வெட்டிவிடுங்கள். ஓரத்தில் கொஞ்சம் வெட்டாமல் விட்டால் பட்டாம்பூச்சிக்கு ஆகும்.

துண்டு எடுக்கும்போது குளத்தங்கரையிலிருந்து மண்ணோடு பெயர்த்துக் கொண்டுவராதீர்கள். அந்த மண்ணுக்குள் கோரைக்கிழங்கு இருக்கும். கத்தரியால் 10 முதல் 15 செ.மீ. நீளத்துக்கு மூன்று நான்கு கணுவுள்ள தண்டை மட்டும் வெட்டி, ஒரு வாளித் தண்ணீரில் அலசி எடுத்து வாருங்கள். இரண்டு கணு மண்ணுக்குள், மேல் கணு வெளியே. இடைவெளி 20 செ.மீ. என்றால் சதுர மீட்டருக்கு 25, சென்டுக்கு 1,000 துண்டு. 30 செ.மீ. விட்டு நட்டால் 450 போதும், ஆனால் மூட இரண்டு மாதம் கூடும். அந்த இரண்டு மாதக் களையெடுப்பை நீங்கள்தான் குனிந்து செய்யணும். நெருக்கி நடுவதே லாபம்.

கடப்புறம் எழுதியது:
குளச்சல் பக்கம் கடலிலிருந்து 150 மீட்டர். வெறும் மணல். போர் தண்ணீர் உப்பு. பொடுதலை வருமா, அடம்புக்கொடி போடலாமா?

நெய்தல்மணல் எழுதியது:
டி.டி.எஸ். எவ்வளவு என்று முதலில் பாருங்கள். 1,500 வரை பொடுதலை சமாளிக்கும், இலை நுனி கொஞ்சம் கருகும். அதுக்கு மேல் என்றால் கடற்கரைச் செடிகளுக்கே போய்விடுங்கள். அடம்பு, செசுவியம் இரண்டுக்கும் உப்புக்காற்று பழக்கம்.

அடம்புக்கொடி சங்கப் பாட்டுக் காலத்திலிருந்தே நெய்தலின் அடையாளம். ஆட்டுக்குளம்பு மாதிரி இலை, கத்தரிப்பூ நிறப் பூ. ஆனால் அது நாலு முழ முற்றத்துக்கான செடி கிடையாது. ஒரு கொடி பத்து மீட்டர் தாண்டி ஓடும். திறந்த மணல்வெளி, மதிலுக்கு வெளிப்புறம், சரிவு இதுக்கெல்லாம் அருமை. இரண்டடி நீளத் துண்டு, நாலைந்து கணுவோடு. 10 செ.மீ. ஆழச் சாலில் படுக்கவைத்து மூடி நுனியை மட்டும் வெளியே விடுங்கள். துண்டுக்குத் துண்டு ஒரு மீட்டர். நிமிர்த்தி நட்டால் மேல்மணல் காய்ந்து தண்டும் காயும். மாதம் ஒருமுறை ஓரத்தை வெட்டணும், இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்குள் போய்விடும். கரையில் மணல்மேட்டைப் பிடித்து வைத்திருப்பதே இந்தக் கொடிதான், அதனால் அங்கிருந்து வேரோடு இழுக்காமல் ஒவ்வொரு கொடியிலும் ஒரு நுனி மட்டும் வெட்டுங்கள்.

சின்ன இடத்துக்குச் செசுவியம் போடுங்கள். சதைப்பற்றுள்ள விரல்நீள இலை, சிவந்த தண்டு, குட்டி ரோஸ் பூ. துண்டுக்குத் துண்டு 25 செ.மீ.

மணலில் இரண்டு விஷயம். தொழு உரம் சீக்கிரம் கரைந்து காணாமல் போகும். ஒரே தடவையில் கொட்டாமல் வருடத்துக்கு இரண்டு முறை ஒரு செ.மீ. தூவுங்கள். தண்ணீர் நீளமாக விட்டால் வேருக்குக் கீழே போய்விடும். அதே அளவை இரண்டாகப் பிரித்து விடுங்கள். பக்கத்தில் மீன் உரம், கோழி உரம் சும்மா கிடைக்கிறது என்று போடாதீர்கள். ஏற்கனவே உப்பு, அது இன்னும் கூட்டும்.

ரப்பர்விளை எழுதியது:
குலசேகரம் பக்கத்து நிலவரத்தையும் சேர்த்து எழுதுகிறேன், மேற்கிலிருந்து வாசிப்பவர்களுக்கு உதவும். இங்கே சிக்கல் வெயில் அல்ல, தெங்கு நிழல். பொடுதலை தேறாது.

பாதி நிழலுக்கு முதல் தேர்வு பீநட் கிராஸ். வேர்க்கடலைக் குடும்பத்துப் படர்செடி, மஞ்சள் பூ, வேர் முடிச்சில் தழைச்சத்து சேர்க்கும். 15 செ.மீ. துண்டு, மூன்று கணு, 25 செ.மீ. இடைவெளி, சென்டுக்கு 650. நன்றாக வளர்ந்த இடத்திலிருந்து இரண்டு கை மண் எடுத்துக் கலந்தால் வேர் முடிச்சு சீக்கிரம் பிடிக்கும். கோடையில் மூன்று மாதம் மழை இல்லாவிட்டால் இலை உதிரும், மழையில் திரும்பும். அதனால் ஆரல்வாய்மொழிக் காற்றுப் பக்கம் இதை நம்பாதீர்கள்.

அடர்நிழலுக்கு முறிகூட்டி. மேலே ஈயப்பச்சை, அடியில் ஊதா. தென்னைக்கு அடியில் விரிப்பு மாதிரி பரவும். கோடையில் வாரம் ஒரு நனைப்பு இல்லாவிட்டால் தலை தொங்கும், ஆனால் வேர் உயிரோடிருக்கும். மதிலோரம் வறண்ட நிழல் இருந்தால் குட்டை ரியோ போடுங்கள். அதன் சாறு பட்டால் அரிக்கும், வெட்டும்போது கையுறை வேண்டும்.

தென்னை மூட்டைச் சுற்றி 6 அடிக்குள் எதையும் நடாதீர்கள். உரமும் தண்ணீரும் வாங்குகிற வேர் அங்கேதான். மட்டை விழுந்தால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஒரு வாரம் கிடந்தால் கீழே மட்டை வடிவிலேயே மஞ்சளாகும். ரப்பர் தோட்டத்தில் மூடுபயிராகப் போடுகிற மியூக்குனாவையும் பியூரேரியாவையும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். தோட்டத்துக்கு அவை நல்லது, வீட்டில் கூரை வரை ஏறிவிடும்.

கிழக்குவாசல் எழுதியது:
களைக்கு வீட் மேட் (களை மறைக்கும் துணி) விரித்து ஓட்டை போட்டு நட்டால் வேலை மிச்சம்தானே? கோரையும் வராது.

நாற்றுப்பட்டறை எழுதியது:
ஜல்லி பாதைக்கு அடியில் போடலாம். தரைமூடிக்கு அடியில் போடக் கூடாது. இந்தச் செடிகள் பிழைப்பதே கணுவுக்குக் கணு வேர் இறக்கித்தான் என்று மேலே சானல்கரை அண்ணாச்சி எழுதியிருக்கிறார். துணி விரித்தால் அந்த வேர் துணி மேலேயே காய்ந்துபோகும். இரண்டு வருடம் கழித்தும் முழுப் பரப்பும் நட்ட ஓட்டையில் இருக்கிற ஒற்றை வேரை நம்பித்தான் இருக்கும். முதல் கடும் கோடையில் வட்டம் வட்டமாகக் காயும். கோரை முளையோ ஊசி மாதிரி, துணியையும் துளைத்து வந்துவிடும். பிறகு பிடுங்க நினைத்தால் கிழங்கு துணிக்கு அடியில், கை போகாது.

கிடுகு விரிக்கலாம். பழைய முடைந்த ஓலை, ஒன்றின் மேல் ஒன்று கையகலம் ஏற விரித்து, காற்று அடிக்கிற மேற்கு ஓரத்தில் கல் வைத்து அழுத்தி, ஓலை இடுக்கை விலக்கி நடுங்கள். ஒரு வருடத்தில் மக்கி மண்ணோடு சேரும், அதுக்குள் செடி மூடியிருக்கும். கரையான் வரும், பச்சைச் செடியைத் தொடாது, ஆனால் வீட்டுச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளியே விரியுங்கள். நார்க்கழிவை மூடாக்காகக் கொட்டுகிறவர்கள் பச்சையாகக் கொட்டாதீர்கள். மக்காத நார்க்கழிவு மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், செடி வெளிறும். காயலில் ஊறிய தொண்டின் (தேங்காய் மட்டையின்) கழிவு என்றால் உப்பும் சேரும். இரண்டு மூன்று முறை அலசி, சாணத்தோடு மக்கவைத்துப் போடுங்கள்.

பொற்றையடி எழுதியது:
அப்போ கோரையை என்ன செய்வது? அதுதான் என் பெரிய தலைவலி.

சானல்கரை எழுதியது:
கோரையை விட்டுவிட்டு எந்தத் தரைமூடி போட்டாலும் பணம் வீண். மம்பட்டியால் கொத்தினால் மேல்கிழங்கு கையோடு வரும். அதைப் பிடித்திருக்கிற கறுப்பு நூல் மாதிரியான வேர் அறுந்து, அடுத்த கிழங்கு மண்ணுக்குள் நின்றுவிடும். நூல் அறுந்த கிழங்கு உடனே முளைக்கும். ஒன்றைக் கொத்தி மூன்றாக்குவது இப்படித்தான்.

சித்திரை வைகாசிக்கு: புல்லை இரண்டு அங்குல ஆழத்தில் சீவி எடுங்கள். மண்ணைக் கொத்திச் சமன்செய்து, ஓர் அடி ஆழம் நனைகிற மாதிரி தண்ணீர் விட்டு, 50 மைக்ரான் தெளிந்த பாலிதீன் விரித்து, நாலு ஓரத்தையும் அரை அடிச் சாலில் புதையுங்கள். கறுப்புத் தாள் வேண்டாம், வெயில் தாளோடு நின்றுவிடும். தெளிந்த தாளில்தான் மண் சுடும். ஆறு வாரம். புல்விதை, களைவிதை பெரும்பாலும் ஒழியும். கோரை முழுக்க ஒழியாது, ஆழக் கிழங்கு தப்பும்.

ஆனி முதல் புரட்டாசி வரை அதுக்கான காலம். தாளை எடுத்துவிட்டு, வாரம் ஒருமுறை நனைத்து, வேண்டுமென்றே முளைக்கவிடுங்கள். முளைத்து மூன்று வாரம் தாண்டினால் புதுக் கிழங்கு வைக்கத் தொடங்கும், அதுக்குள் எடுக்கணும். இழுக்காதீர்கள். பக்கத்தில் முள்கரண்டியை ஓர் அடி இறக்கி மண்ணை மொத்தமாக நிமிர்த்தி, நூலோடு கிழங்கைப் பொறுக்குங்கள். நாலைந்து சுற்று இப்படிப் போனால் ஐப்பசியில் முளைப்பது கைக்கு அடங்கும். நட்டபிறகு முதல் பத்து வாரம் பத்து நாளுக்கு ஒரு களை. தவற விட்டால் பொடுதலைக்குள் கோரை ஏறி, பிறகு பிரிக்கவே முடியாது.

கடைசிச் சுற்றில் கட்டட வேலையில் விழுந்த சிமெண்ட் கட்டி, சல்லி எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள். சென்டுக்கு அரை கன மீட்டர் மக்கிய தொழு உரம், 4 கிலோ வேப்பம்பிண்ணாக்கு, எட்டு அங்குலத்துக்குக் கொத்திக் கலந்தால் போதும். அதிக உரம் வைத்தால் தண்டு நீளுமே தவிர அடர்த்தி வராது.

பொற்றையடி எழுதியது:
சொட்டுநீர் போடலாமா, தெளிப்பானா?

நெய்தல்மணல் எழுதியது:
உங்கள் காற்றுக்குத் தெளிப்பான் வேண்டாம், பாதி பக்கத்து விளையில் விழும். 16 மி.மீ. இன்லைன் லேட்டரல் (டிரிப்பர் உள்ளேயே பொருத்திய சொட்டுநீர்க் குழாய்), 40 செ.மீ.க்கு ஒரு டிரிப்பர், மணிக்கு 2 லிட்டர். வரிசைக்கு வரிசை 40 செ.மீ. அப்படியென்றால் சதுர மீட்டருக்கு ஆறே கால் டிரிப்பர், மணிக்கு 12.5 மில்லிமீட்டர். வாரத்துக்கு 15 மில்லிமீட்டர் வேண்டுமென்றால் ஒரு மணி 12 நிமிடம். 3 சென்டுக்கு மொத்தம் 750 டிரிப்பர், மணிக்கு 1,500 லிட்டர் ஓடும். மோட்டார் அவ்வளவு தள்ளாவிட்டால் வால்வு வைத்து மூன்றாகப் பிரியுங்கள். 120 மெஷ் ஃபில்டர் கட்டாயம். செம்மண் கிணற்றில் இரும்புச்சத்து இருந்தால் டிரிப்பரில் துருநிறக் கொழகொழப்பு அடைக்கும். மாதம் ஒருமுறை கடைசி மூடியைத் திறந்து தண்ணீர் தெளிவாக வரும்வரை ஓடவிடுங்கள். குழாயைப் பத்து அடிக்கு ஒரு ஆணி வைத்து மண்ணோடு அழுத்துங்கள், செடி மூடியபிறகு புல்வெட்டும் மெஷின் குழாயை அறுப்பது இதனால் தவிரும்.

நட்ட பத்து நாள் தினமும், பிறகு நாலாம் வாரம் வரை ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாம் மாதம் வரை வாரம் இருமுறை. மழை பெய்த நாளை விட்டுவிடலாம். நேரத்தை மட்டும் நம்பாதீர்கள். தண்ணீர் விட்ட மறுநாள் காலை சின்னக் கரண்டியால் ஓரத்தில் தோண்டி, நிறம் மாறுகிற கோடு எத்தனை அங்குலத்தில் என்று பாருங்கள். ஆறு அங்குலம் தொட்டால் சரி. இரண்டு அங்குலத்தில் நின்றால் வேரும் அங்கேயே நிற்கும்.

மண், தண்ணீர் பரிசோதனை எங்கே செய்வது என்பதைத் திருப்பதிசாரத்தில் இருக்கிற வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம்.

ரப்பர்விளை எழுதியது:
இலை மஞ்சளாவதைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் எல்லாரும் மஞ்சளைப் பார்த்ததும் யூரியா தூவுகிறார்கள். இளம் இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக, அதுவும் மதிலோரத்தில் மட்டும் என்றால் சிமெண்ட் சுண்ணாம்பினால் இரும்புச்சத்து எட்டவில்லை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து மாலையில் தெளியுங்கள், பத்து நாளில் இன்னொரு முறை. ஓரத்துக் கட்டியை எடுக்காமல் தெளிப்பு மட்டும் நிலைக்காது. அடி இலை முழுசாக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு, மக்காத மூடாக்கைப் பாருங்கள். இலை ஓரம் கருகினால் உப்பு. திட்டுத்திட்டாக வாடி, தண்டின் அடியில் வெள்ளை நூலும் கடுகு மாதிரி உருண்டைகளும் தெரிந்தால் தண்டழுகல் பூஞ்சை. பீநட் கிராஸில் மழைக்காலத்தில் வரும். அந்தத் திட்டை ஒரு சாண் சுற்றளவு கூடுதலாக, மண்ணோடு எடுத்துத் தோட்டத்துக்கு வெளியே போடுங்கள். டிரைக்கோடெர்மா (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நன்மைப் பூஞ்சை) கலந்து ஒரு வாரம் நிழலில் ஈரமாக வைத்த தொழு உரத்தால் குழியை நிரப்புங்கள். மூடாக்கு தண்டை ஒட்டிக் கிடக்கக் கூடாது.

நாற்றுப்பட்டறை எழுதியது:
பாம்புக்கு: சுவரைச் சுற்றி இரண்டடி அகலம் 20 மி.மீ. ஜல்லி, அதில் ஒரு செடியும் வேண்டாம். படர்செடியை நாலு அங்குலத்துக்கு மேல் விடாதீர்கள். மட்டை, கதம்பை, செங்கல் அடுக்கு முற்றத்தில் இருக்கக் கூடாது. எலி அங்கேதான் தங்கும், பாம்பு எலிக்குத்தான் வரும். நடக்கிற தடம் கல்லாக இருக்கட்டும். இருட்டில் டார்ச் இல்லாமல் எந்தத் தோட்டத்திலும் இறங்காதீர்கள்.

பொற்றையடி எழுதியது:
நன்றி அண்ணாச்சிமாரே. முடிவு: 3 சென்டும் பொடுதலை, வடக்கே தண்ணீர் விழுகிற மூலையில் மஞ்சள் கரிசாலை, மேற்கு ஓரம் சரள் மேட்டில் பத்துமணிப்பூ. சித்திரை முதல் வாரம் பாலிதீன். ஐப்பசியில் 3,000 துண்டை நேரடியாக மண்ணில் நட்டுவிடலாமா?

சானல்கரை எழுதியது:
பத்துமணிப்பூவுக்கு மேட்டை அரை அடி உயர்த்தி, பாதிக்குப் பாதி மணல் கலந்துகொள்ளுங்கள். ஐப்பசி மழையில் அது அழுகித்தான் போகும், வருடா வருடம் நாலு துண்டு தொட்டியில் காப்பாற்றி வைக்கணும். அந்த வேலை வேண்டாம் என்றால் அங்கே விஷ்ணுகிராந்தி போடுங்கள். சரளிலேயே வளரும், நீலப் பூ. ஆனால் பொடுதலை மாதிரி மண்ணை முழுசாக மூடாது, இடையில் சின்னக் கல் பரப்பணும்.

பொடுதலையை நேரடியாக நடலாம், ஆனால் மழை ஒரு வாரம் தள்ளிப்போனால் பாதி போய்விடும். ஆவணிக் கடைசியில் 98 குழி புரோட்ரே (குழி நாற்றுத் தட்டு) 32 எடுத்து, அலசிய நார்க்கழிவு மூன்று பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு நிரப்பி, குழிக்கு ஒரு துண்டு செருகுங்கள். நிழல்வலைக்குக் கீழே, காற்று படாத பக்கம். மூன்றாம் வாரம் வலையை எடுத்து ஐந்து நாள் வெயிலில் பழக்குங்கள். தட்டைத் தூக்கிப் பாருங்கள். அடி ஓட்டையில் வெள்ளை வேர் எட்டிப் பார்த்தால் நடலாம். பழுப்பாகி உருண்டை சுற்றியிருந்தால் நாள் கடந்துவிட்டது. அடியைச் சிறிது கிள்ளிவிட்டு நடுங்கள். நடும் முன்னால் தட்டோடு ஒரு நிமிடம் தண்ணீரில் முக்கி எடுத்துவிடுங்கள், உலர்ந்த நார்க்கழிவு மண்ணுக்குள் போனபிறகு லேசில் நனையாது.